வளைவும் உத்தரமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்து, "தம்பி, சிவில் பக்கமிருந்து யாராவது இருபது நிமிஷம் பேசணும். ஹாஸ்டல் கதையெல்லாம் சாப்பாட்டுக்கு அப்புறம் வச்சுக்கலாம். மேடையில உபயோகமா ஏதாவது சொல்லுங்க" என்றார். நான் பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவன். புதுக் கட்டடம் கட்டுகிறவருக்குக் கிடைக்கும் மாலையும் மரியாதையும் எங்களுக்குக் கிடையாது. கட்டடம் நின்றால் யாரும் எங்களை நினைப்பதில்லை. விரிசல் விட்டால் மட்டும் போன் நம்பரைத் தேடுவார்கள். ஆகவே எனக்குத் தெரிந்த விஷயத்தையே பேசுகிறேன். நம் ஊர் ராஜகோபுரம் எப்படி நிற்கிறது, இனியும் நிற்க நாம் என்ன செய்யவேண்டும் என்பதுதான் பொருள்.

இதைப் பேசும்போது இரண்டு விதமான பேச்சு காதில் விழும். ஒரு கட்சி, "நம்மாளுக்கு வளைவு கட்டத் தெரியாது சார், அதனாலதான் தூணும் உத்தரமுமா அடுக்கினான்" என்று சொல்லும். இன்னொரு கட்சி, "அந்தக் காலத்திலேயே எல்லாம் தெரிஞ்சு வச்சிருந்தான், இன்றைய சயின்ஸ் எதற்கு?" என்று கேட்கும். இரண்டுமே அரைகுறை. ஏன் என்று புரிய ஐரோப்பாவுக்கு ஒரு நடை போய் வரவேண்டும். பயப்படாதீர்கள், சாப்பாட்டு மணிக்குள் திரும்பி விடலாம்.

ஒரே நூற்றாண்டு, இரண்டு வழி

கி.பி. 1010-ல் தஞ்சைப் பெரிய கோயில் நிறைவு பெற்றது. அதற்கு அடுத்த தலைமுறையில் ராஜேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரத்தை எழுப்பினான். ஏறக்குறைய அதே சமயம், 1030 வாக்கில், ஜெர்மனியில் ஸ்பையர் என்ற ஊரில் பேரரசர் இரண்டாம் கொன்ராட் ஒரு மாபெரும் தேவாலயத்தைத் தொடங்கினார். 1061-ல் அதற்குக் குடமுழுக்கு, அதாவது அவர்கள் முறைப்படி அர்ப்பணிப்பு, நடந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஸ்பெயினில் சந்தியாகோ தே கம்போஸ்தெலா, பிரான்ஸில் க்ளூனி, இங்கிலாந்தில் டர்ஹாம் என்று வரிசையாகப் பெரிய கோயில்கள் எழும்பின. சந்தியாகோவுக்குத் தொடக்கம் 1075, க்ளூனிக்கு 1088, டர்ஹாமுக்கு 1093. இத்தாலியில் பைசா நகரப் பேராலயமும் இதே நூற்றாண்டுதான். இந்தப் பாணிக்கு ரோமனெஸ்க் என்று பெயர்.

கட்டியவர்களுக்கு இந்தப் பெயர் தெரியாது. 1818 வாக்கில்தான் ஜெர்வில் என்ற பிரெஞ்சு அறிஞர் இந்தச் சொல்லைப் புழக்கத்தில் விட்டார். லத்தீன் மொழி பேச்சில் உருமாறி பிரெஞ்சும் ஸ்பானிஷும் ஆனது போல, ரோமானியக் கட்டடக் கலை உருமாறி வந்த பாணி என்பது அவர் கருத்து. பெயர் பொருத்தம்தான். 476-ல் மேற்கு ரோமப் பேரரசு விழுந்த பிறகு பெரிய கட்டடம் கட்டும் பணமும் ஆளும் வெகுவாகக் குறைந்து போயிற்று. பேரரசர் சார்லமேன் ஆஹென் நகரில் கட்டி 805-ல் அர்ப்பணித்த தேவாலயம் போன்றவைதான் இடைக்காலத்தில் அந்தக் கலையைக் காப்பாற்றி வைத்தன. பிறகு பதினோராம் நூற்றாண்டில் விளைச்சலும் வியாபாரமும் பெருகின. மடாலயங்களுக்குச் செல்வம் சேர்ந்தது. கட்டடம் மறுபடியும் எழுந்தது.

அதுவரை பெரும்பாலான கோயில்களுக்கு மரக்கூரை. மெழுகுவர்த்தி ஒன்று சாய்ந்தாலும் இடி விழுந்தாலும் கூரை எரிந்து போகும். எரியாத கூரை வேண்டும் என்றால் கல்லில் போடவேண்டும். கல்லில் கூரை போடுவது எப்படி? ரோமானியர் விட்டுப் போன அரைவட்ட வளைவு அவர்கள் கண்முன்னே இருந்தது. அதையே நீட்டிப் பீப்பாய் மாதிரிக் கூரை போட்டார்கள். இரண்டு பீப்பாய்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஒன்றையொன்று வெட்ட வைத்து இன்னொரு வகைக் கூரை கண்டுகொண்டார்கள்.

இன்னொரு தேவையும் இருந்தது. புனிதர்களின் எலும்பும் உடைமையும் வைத்த கோயில்களுக்கு யாத்திரிகர் கூட்டம் கூட்டமாக நடந்தே வந்தார்கள். உள்ளே பூசை நடக்கும்போது கூட்டம் குறுக்கே போகக் கூடாது. அதனால் பீடத்தைச் சுற்றி வர ஒரு நடை விட்டார்கள். பிரான்ஸில் துலூஸ், கோங்க் ஆகிய ஊர்களில் இன்றும் அதைக் காணலாம். நமக்கு இதை விளக்கவே வேண்டாம். பிரகாரம் என்றால் போதும். பௌர்ணமிக்குப் பதினாலு கிலோமீட்டர் மலையைச் சுற்றும் ஊர்க்காரர்களுக்குச் சுற்றுப்பாதை ஏன் என்று யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

கல்லின் குணம்

இப்போது கொஞ்சம் ஸ்ட்ரக்சர்ஸ் வகுப்பு. மெக்கானிக்கல், எலெக்ட்ரிகல் அண்ணன்கள் பொறுத்துக் கொள்ளவேண்டும்.

கருங்கல்லை நசுக்குவது மிகவும் கஷ்டம். வளைத்து ஒடிப்பது சுலபம். அமுக்கு விசையில் தாங்குவதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இழுவிசையில் தாங்கும். இரண்டு தூணுக்கு மேல் ஒரு கல் உத்தரத்தைப் படுக்க வைத்தால் அதன் மேல்பக்கம் அமுங்கும், அடிப்பக்கம் இழுபடும். ஒடிகிற போது அடியில்தான் முதலில் விரிசல் விடும். அதே தடிமனில் உத்தரத்தின் நீளத்தை ஒன்றரை மடங்கு ஆக்கினால், சொந்த எடையால் வரும் இழுவிசை இரண்டேகால் மடங்கு ஆகிவிடும். அதனால்தான் கல் மண்டபத்தில் தூண்கள் நெருக்கம். ஆயிரங்கால் மண்டபத்துக்குள் போனால் காட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறதே, அதற்கு அழகு ஒரு காரணம் என்றால் உத்தரத்தின் நீளம் இன்னொரு காரணம்.

வளைவு வேறு மாதிரி. ஆப்பு வடிவக் கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக் கொண்டு நிற்கும். ஏறக்குறைய எல்லாமே அமுக்கு விசை. கல்லுக்குப் பிடித்த விசை. அதனால் அதிக அகலத்தைத் தாண்டலாம். ஆனால் இனாமாக எதுவும் கிடைக்காது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்துச் சாய்ந்து பாருங்கள். கால் பின்னால் வழுக்கும். வளைவும் அப்படித்தான், இரண்டு பக்கச் சுவரையும் ராத்திரி பகலாக வெளியே தள்ளிக் கொண்டே இருக்கும். அந்தத் தள்ளலைத் தாங்கச் சுவர் தடிமனாக இருக்கவேண்டும். தடிமனான சுவரில் பெரிய ஜன்னல் வைத்தால் பலம் போய்விடும். ஆகவே சின்ன ஜன்னல், உள்ளே மங்கலான வெளிச்சம், பருத்த தூண்கள், கோட்டை மாதிரி தோற்றம். ரோமனெஸ்க் கட்டடத்தின் அடையாளம் என்று புத்தகங்கள் சொல்லும் அத்தனையும் இந்த ஒரு தள்ளலின் பிள்ளைகள்தான்.

நம் கருவறையும் இருட்டு, அவர்கள் கோயிலும் இருட்டு. நமக்கு உத்தரத்தின் ஒடிவு. அவர்களுக்கு வளைவின் தள்ளல். காரணம் வேறாக இருந்தாலும் வந்து சேர்ந்த இடம் கிட்டத்தட்ட ஒன்று. இரண்டு ஊர்க் கல்தச்சனும் கல்லோடு பேரம் பேசி, கல் கொடுத்த விலைக்கு ஒப்புக் கொண்டிருக்கிறான்.

வளைவின் வடிவம் நம்மவர்களுக்குத் தெரியாததல்ல. மாமல்லபுரத்துப் பீம ரதத்தைப் பாருங்கள். வண்டிக் கூண்டு போன்ற கூரை, முகப்பில் லாடம் போன்ற வளைவு. மூங்கிலையும் மரத்தையும் வளைத்து ஓலையோ ஓடோ வேய்ந்த பழைய மண்டபத்தை அப்படியே ஒரே பாறையில் செதுக்கியிருக்கிறார்கள். மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுத்ததாகக் கல்வெட்டில் பெருமைப்பட்டுக் கொள்கிறான். அப்படியென்றால் அதுவரை செங்கலும் மரமும்தான் வழக்கம் என்று ஆகிறது. மரத்தில் பிறந்த வடிவத்தைக் கல்லில் கொண்டு வந்தார்கள். வடிவத்தை எடுத்துக் கொண்டு, பாரத்தைத் தூணுக்கும் உத்தரத்துக்கும் கொடுத்தார்கள்.

இன்னொரு ஒற்றுமை எனக்கு மிகவும் பிடித்தது. பைசா கோபுரத்தின் வெளிப்புறத்தில் அடுக்கடுக்காகச் சின்னச் சின்ன வளைவுகள் ஓடும். பெரிய கட்டடத்துக்கு அதன் குட்டிகளே நகை. நம் கோபுரத்தின் ஒவ்வொரு நிலையிலும் சாலை, கூடு, பஞ்சரம் என்று குட்டிக் குட்டிக் கோயில்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒருவரை ஒருவர் பார்த்திராத இரண்டு கூட்டத்தாருக்கும் ஒரே யோசனை வந்திருக்கிறது.

வாசல் வளர்ந்த கதை

ஐரோப்பாவில் உயரமான பகுதி கட்டடத்தின் நடுவிலோ முகப்பிலோ இருக்கும், கோயிலின் உடம்போடு ஒட்டியது. நம்மிடமும் முதலில் நடுவில்தான் உயரம். தஞ்சையில் விமானம் சுமார் 216 அடி. வாசல் கோபுரங்கள் அதற்கு அடங்கி நிற்கும். பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் சிதம்பரத்தில் ஏழு நிலைக் கோபுரங்கள் எழுந்தபோது கணக்கு மாறிவிட்டது. வாசல் பெரியதாகியது, விமானம் அடக்கமானது.

ஏன் இப்படி? கருவறையை நினைத்தபோது பிரித்துப் பெரிதாக்க முடியாது. ஆனால் ஊர் வளர்கிறது, திருவிழா வளர்கிறது, சந்தை வளர்கிறது. அதனால் கோயில் உள்ளிருந்து வெளியே, மரத்தின் வயது வளையம் மாதிரி, மதிலுக்கு மேல் மதிலாக வளர்ந்தது. ஒவ்வொரு மதிலுக்கும் ஒரு வாசல். கடைசியாக வந்த வாசலே பெரிய வாசல். நம் அண்ணாமலையார் கோயிலில் உள்ளேயிருந்து வெளியே நடந்தால் இந்த வரலாறு முழுவதும் காலுக்கடியில் வரும். முதலில் அடக்கமான கிளி கோபுரம். அதைத் தாண்டினால் வல்லாள மகாராஜா கோபுரம். துவாரசமுத்திரம் படையெடுப்பில் சீரழிந்த பிறகு இந்த ஊரில் தங்கி ஆண்ட ஹொய்சள மன்னர் மூன்றாம் வல்லாளரின் பெயர் அது. அவருக்கு அண்ணாமலையாரே மகனாக இருந்து திதி கொடுப்பதாக மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் இன்றும் தீர்த்தவாரி நடக்கிறது. அதையும் தாண்டி வந்தால் 217 அடி ராஜகோபுரம், பதினோரு நிலை. விஜயநகர கிருஷ்ணதேவராயர் தொடங்கி வைத்து, தஞ்சையின் முதல் நாயக்க மன்னர் சேவப்ப நாயக்கர் காலத்தில் முடிந்தது. ஆயிரங்கால் மண்டபமும் சிவகங்கைத் தீர்த்தமும் கிருஷ்ணதேவராயர் திருப்பணியே.

வடக்கே நிற்கும் 171 அடி அம்மணி அம்மன் கோபுரத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். அரசனும் இல்லை, ஜமீனும் இல்லை. செங்கம் பக்கத்துச் சென்னசமுத்திரத்தில் பிறந்த ஒரு பெண் துறவி ஊர் ஊராகப் போய்ப் பணம் திரட்டி முடித்த கோபுரம் அது. கூலிக்குப் பதிலாக அவர் திருநீறு கொடுத்தார், அது அவரவர் உழைப்புக்குத் தக்க காசாக மாறியது என்று ஊரில் கதை சொல்வார்கள். கதை எப்படியோ, ஒரு பெண்மணி பெயரில் இவ்வளவு பெரிய கோபுரம் நிற்கும் ஊர் நம் ஊர்.

சரி, ராஜகோபுரம் எப்படி நிற்கிறது? அடிப்பாகம் ஏறத்தாழ 135 அடிக்கு 98 அடி. 217 அடி உயரத்துக்கு இது நல்ல அகலமான பாதம். கீழே வாசல் பகுதி முழுக்கக் கருங்கல். வழியின் இரண்டு பக்கமும் நிலைக்கால்கள், மேலே கல் உத்தரங்கள். அதற்கு மேல் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். இது பணத்துக்காக மட்டும் செய்ததல்ல. செங்கல் கட்டு கருங்கல்லைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எடை குறைவு. பாரம் மேலே குறையக் குறைய நல்லது. உள்ளே கூடு, ஒவ்வொரு நிலையும் கொஞ்சம் உள்வாங்கி, கொஞ்சம் குட்டையாகி மேலே போகும். உச்சியில் பீம ரதத்தில் பார்த்த அதே வண்டிக் கூண்டு வடிவம். பக்கத்தில் தள்ளுகிற வளைவு எங்குமே பெரிதாக இல்லாததால் பாரம் நேரே கீழே இறங்கும். அதனால் முட்டுச்சுவர் தேவையில்லை. கோபுரம் தன்னந்தனியாக நிற்கலாம், நிற்கிறது.

விழுந்தவை சொல்லும் பாடம்

நிற்கிற கட்டடத்தைப் பார்த்து நாம் பிரமிக்கிறோம். எங்கள் தொழிலில் விழுந்த கட்டடம்தான் வாத்தியார்.

இங்கிலாந்தில் வின்செஸ்டர் கோயிலின் நடுக் கோபுரம் 1107-ல் இடிந்தது. க்ளூனியில் கூரை வளைவின் ஒரு பகுதி 1125-ல், திருப்பணி முடிவதற்கு முன்பே விழுந்தது. பைசா கோபுரத்தை 1173-ல் தொடங்கினார்கள். மூன்றாம் நிலை வருவதற்குள் களிமண் அமுங்கிச் சாயத் தொடங்கியது; வேலை நின்றது. ஏறக்குறைய நூறு வருஷம் சும்மா கிடந்தது. அந்த நூறு வருஷத்தில் அடிமண் இறுகிக் கொண்டது. நிற்காமல் கட்டியிருந்தால் அன்றைக்கே குப்புற விழுந்திருக்கும் என்பது மண் பொறியியல் வல்லுநர்கள் முடிவு. 1990-ல் பார்வையாளர்களை நிறுத்தி, சாய்வுக்கு எதிர்ப்பக்கத்து அடிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எடுத்து, சுமார் அரை டிகிரி நிமிர்த்தி, 2001-ல் மறுபடியும் திறந்தார்கள். கவனியுங்கள், முழுக்க நிமிர்த்தவில்லை. வேண்டிய அளவு மட்டும் தொட்டார்கள். பழுது பார்க்கிறவனுக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

நமக்குப் பக்கத்துப் பாடம் காளஹஸ்தி. அந்த ராஜகோபுரமும் கிருஷ்ணதேவராயர் கட்டியதுதான், 1516-ல். ஏழு நிலை, சுமார் 136 அடி. 2010 மே 26 சாயங்காலம் அப்படியே சரிந்து மண்மேடாகிவிட்டது. விரிசல் பெரிதாவதைப் பார்த்து முன்கூட்டியே ஆட்களை அப்புறப்படுத்தியதால் உயிர்ச்சேதம் இல்லை. நான் அப்போது நம் கல்லூரியில் படித்துக் கொண்டிருந்தேன். டி.வி.யில் அந்தக் காட்சியைப் பார்த்த மறுநாள் எங்கள் வகுப்பில் பாதிப்பேர் ராஜகோபுரத்துக்கு முன்னால் போய் அண்ணாந்து நின்றோம். அதே அரசர், அதே காலம், நம்முடையது இன்னும் 80 அடி உயரம். நான் இந்தத் தொழிலுக்கு வந்ததற்கு அந்த வாரம் ஒரு முக்கியக் காரணம்.

உத்தரக் கட்டடத்துக்கு வளைவின் தள்ளல் இல்லையே, பின் ஏன் விழவேண்டும்? நான் வேலையில் பார்த்த வரையில் பழைய கோபுரத்துக்கு எதிரிகள் நாலு பேர். முதல் எதிரி தண்ணீர். சுதைக்கு நடுவே இறங்கி, சாந்தைக் கரைத்து, உள்ளே உப்பைச் சேர்க்கும். இரண்டாவது, பறவை போட்ட விதையில் முளைக்கும் அரசும் ஆலும். விரல் தடிமன் வேர் பத்து வருஷத்தில் செங்கல்லைப் பிளக்கும். வெளியே வெட்டினால் போதாது, உள்ளே வேர் இருக்கும். மூன்றாவது, அடிமண், ஒரு பக்கம் நனைந்து ஒரு பக்கம் காய்ந்தாலே சுவர் செங்குத்தாக விரியும். நாலாவது எதிரி நாம்தான். நல்ல எண்ணத்தோடு செய்கிற ரிப்பேர்.

சுண்ணாம்புக் கட்டடத்துக்குச் சிமென்ட் பூசுவதை உதாரணமாகச் சொல்கிறேன். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புச் சாந்து மெதுவாக இறுகும், கட்டடத்தோடு கொஞ்சம் அசைந்து கொடுக்கும், உள்ளே போன ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் விறைப்பானது, மழைநீர் மயிரிழை விரிசலில் உள்ளே போகும், வெளியே வர வழியிருக்காது. மேலே பளபளப்பாக இருக்கும், உள்ளே செங்கல் மாவாகிக் கொண்டிருக்கும். கல்லை மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்வதும் அப்படித்தான். ஒரே நாளில் பளிச்சென்று ஆகிவிடும். கூடவே கல்வெட்டின் எழுத்து விளிம்பும் உளி போட்ட கோடும் போய்விடும். போன எழுத்தை எந்தப் பொறியாளரும் திருப்பித் தரமுடியாது.

யார் பொறுப்பு?

இந்த இடத்தில் நம் ஊர் கண்ட ஒரு பெரிய வழக்கை நினைவுபடுத்த வேண்டும். 2002-ல் அண்ணாமலையார் கோயிலைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னமாக இந்தியத் தொல்லியல் துறை அறிவித்தது. ஊரே எதிர்த்தது, விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. கடைசியில் துறை விலகிக் கொண்டது, கோயில் முன் போலவே அறநிலையத் துறையிடம் இருந்தது. பெரியவர்கள் பலர் இங்கே அந்தப் போராட்டத்தைப் பார்த்தவர்கள். பூசை நடக்கிற கோயில் மியூசியம் ஆகிவிடக் கூடாது என்ற அவர்கள் பயம் நியாயமானது. அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெளியாள் வேண்டாம் என்று சொன்ன பிறகு பார்த்துக் கொள்ள வேண்டிய பொறுப்பு நமக்கு இரட்டிப்பு ஆகிறது. 2021 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் பழங்கோயில்களையும் புராதனச் சின்னங்களையும் காக்க 75 கட்டளைகள் பிறப்பித்தது. உத்தரவு போட நீதிமன்றம் இருக்கிறது. விரிசலை அளக்க ஆள் வேண்டுமே!

பெரிய கோயிலுக்கு ஸ்தபதிகளும் துறையும் வல்லுநர் குழுவும் இருக்கிறார்கள். எனக்குக் கவலை சின்னக் கோயில்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் செங்கம் பக்கம் ஒரு கிராமத்தில் கூப்பிட்டார்கள். பதினாறு கால் மண்டபம். ஊர்ப் பெரியவர், "தம்பி, மண்டபம் ஒழுகுது, உத்தரம் ரெண்டு விட்டுப் போச்சு. இடிச்சுட்டு கான்கிரீட்ல போட்டுடலாம்னு முடிவு. நீங்க ஒரு பிளானும் எஸ்டிமேட்டும் போட்டுக் குடுங்க, போதும்" என்றார்.

நான் ஏணி வைத்து மேலே ஏறினேன். ஓர் ஓரத்தில் குழி தோண்டிப் பார்த்தால் கூரைப் பாவுகல்லுக்கு மேல் ஏறத்தாழ ஒன்றரை அடி கனம். ஒவ்வொரு கும்பாபிஷேகத்துக்கும் ஒழுகலை நிறுத்த ஒரு தளம் போட்டிருக்கிறார்கள். சுருக்கி மேல் சுருக்கி, அதற்கு மேல் ஜல்லி, கடைசியாகச் சிமென்ட். பழையதை யாரும் எடுக்கவில்லை. கணக்குப் போட்டுக் காட்டினேன். பத்தடிக்குப் பத்தடி இடத்தில் ஓர் அடி கனமே சுமார் ஐந்து டன். அவர்கள் தாத்தா காலத்தில் உத்தரம் சுமந்ததைவிட இப்போது பல மடங்கு சுமக்கிறது. "ஐயா, மண்டபம் கிழவனாகி விழவில்லை. தலையில் மூட்டை ஏற்றிக் கொண்டே போயிருக்கிறோம், அதான் முதுகு விட்டுப் போச்சு" என்றேன்.

உடனே ஒப்புக் கொள்ளவில்லை. இளவட்டங்கள், "கான்கிரீட் போட்டா டைல்ஸ் ஒட்டலாம், ஃபேன் மாட்டலாம்" என்றார்கள். அதுவும் தப்பான ஆசை இல்லை. வெயிலில் உட்கார்ந்து பஜனை பாடுகிறவர்கள் அவர்கள்தானே. மூன்று கூட்டம் பேசினோம். இடிக்கும் செலவு, கான்கிரீட் செலவு, அதற்கு எத்தனை வருஷத்தில் கம்பி துருப்பிடிக்கும் எல்லாம் தாளில் எழுதிக் கொடுத்தேன். கடைசியில் பெரியவரின் மனைவி, "என் கல்யாணத்துக்கு இந்த மண்டபத்துலதான் பந்தி போட்டாங்க. முதல்ல பாரத்தை இறக்கிப் பாருங்க, நிக்கலேன்னா அப்புறம் இடிங்க" என்றார்கள். அந்த அம்மாள் படிக்காத எஸ்டிமேட் அது. ஆனால் சரியான எஸ்டிமேட்.

விட்டுப் போன உத்தரங்களுக்குத் தற்காலிகமாக முட்டுக் கொடுத்து, மேல் பாரத்தை இரண்டு பக்கமும் சமமாக இறக்கினோம். மெல்லிசாக ஒரே ஒரு சுண்ணாம்புத் தளம், தண்ணீர் ஓட வாட்டம், மதகு. ஒடிந்த இரண்டு உத்தரங்களில் ஒன்றை மாற்றினோம்; இன்னொன்றுக்கு அடியில் துணைத்தாங்கல் கொடுத்தோம். விரிசலின் மேல் கண்ணாடித் துண்டு ஒட்டி வைத்திருக்கிறேன். விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும். இரண்டு மழைக்காலம் போய்விட்டது. கண்ணாடி உடையவில்லை, மண்டபம் ஒழுகவில்லை. ஃபேனும் மாட்டிக் கொண்டார்கள். கல்லில் துளை போடாமல் தனிக் கம்பத்தில்!

ஒரு வேண்டுகோள்

நம் மாவட்டத்தில் இப்படி எத்தனையோ மண்டபங்கள், குளக்கரைகள், சின்னக் கோபுரங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் காப்பாற்றுவோம் என்று மேடையில் சூளுரைக்க நான் வரவில்லை. முன்னாள் மாணவர் சங்கத்திடம் மூன்றே மூன்று விஷயம் கேட்கிறேன்.

முதலாவது, ஒரு பதிவேடு. அவரவர் ஊரில் உள்ள பழைய கல் கட்டடம் ஒன்றைப் படம் எடுத்து, நீள அகலம் அளந்து, விரிசலைக் குறித்து, தேதி போட்டுக் கல்லூரிக்கு அனுப்புங்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் நம் பெரிய கோயிலின் கல்வெட்டுகளையும் கட்டட அமைப்பையும் ஆராய்ந்து 1990-ல் புத்தகமாக வெளியிட்டது. வெளியிலிருந்து வந்தவர்கள் பெரிய கோயிலுக்குச் செய்ததில் நூற்றில் ஒரு பங்கை நாம் சின்னக் கோயில்களுக்குச் செய்தால் போதும். இன்றைய அளவு இருந்தால்தான் பத்து வருஷம் கழித்து விரிசல் வளர்ந்ததா என்று சொல்ல முடியும்.

இரண்டாவது, இறுதியாண்டு சிவில் மாணவர்களுக்கு வருஷம் ஒரு பிராஜெக்டாவது பழைய கட்டடத்தில் கொடுங்கள் என்று ஆசிரியப் பெருமக்களைக் கேட்டுக் கொள்கிறேன். எல்லாரும் அடுக்குமாடியை டிசைன் செய்கிறார்கள். சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார் ஒருவரை வகுப்புக்கு அழைத்து வந்து பேச வையுங்கள். அந்தக் கைகள் குறைந்து கொண்டே வருகின்றன.

மூன்றாவது, ஊர்க்காரர்கள் கூப்பிட்டால் இலவசமாக ஒருமுறை போய்ப் பார்த்து யோசனை சொல்ல ஐந்தாறு பேர் கொண்ட ஒரு குழு. என் பெயரை முதலில் எழுதிக் கொள்ளுங்கள். நாம் போய்ச் சொல்வதை ஊரார் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, கோயில் அவர்களுடையது. ஆனால் இடிப்பதற்கு முன்னால் கணக்குத் தெரிந்த ஒருவன் மேலே ஏறிப் பார்த்தான் என்றாவது இருக்கட்டும்.

ஸ்பையரில் வளைவு போட்டவனும் இங்கே உத்தரம் ஏற்றியவனும் கால்குலேட்டர் இல்லாமல் செய்தார்கள். அவர்களைக் கும்பிடுவது சுலபம். அவர்கள் விட்டுப் போனதின் மேல் ஒரு மூட்டைகூட ஏற்றாமல் அடுத்தவர் கையில் கொடுப்பது கொஞ்சம் கஷ்டம். அந்தக் கஷ்டத்துக்குத்தான் இந்தக் கல்லூரி நமக்குப் படிப்புக் கொடுத்தது என்று நான் நினைக்கிறேன்.

பதிவேட்டுக்கான நோட்டுப் புத்தகம் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் மேஜை மேல் இருக்கிறது. ஊர்ப் பெயரையும் உங்கள் பெயரையும் எழுதிவிட்டு இலைக்கு உட்காருங்கள்.